நாலு பேருக்கு ஒரு பீங்கான்

அருட்பிரகாசம் ஜப்பானில் இருபத்துமூன்று வருஷம் உழைத்துவிட்டுக் கொக்குவிலுக்குத் திரும்பி வந்தபோது, கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றுக்குள் இருபத்திரண்டு சின்னப் பீங்கான்கள் இருந்தன. ஒரு பீங்கானில் ஒரு தோசை கிடக்காது. இரண்டு வடை வைத்தால் மூன்றாவதற்கு இடமில்லை. அயலட்டம் எல்லாம் வந்து பார்த்தது. முகத்துக்கு முன்னால் ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்கள் மரியாதை தெரிந்த சனம். கேற்றைச் சாத்திவிட்டு ஒழுங்கைக்கு வந்த பிறகுதான் சிரித்தோம்.

இந்தக் கதையைச் சொல்ல எனக்குள்ள தகுதி, நான் தபால் கந்தோரில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் என்பது. பிறர் கடிதத்தை உடைத்துப் பார்த்ததில்லை. ஆனால் யாருக்கு எங்கிருந்து வருகிறது, எத்தனை மாதமாக வரவில்லை என்பதெல்லாம் உறையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அருளும் நானும் ஒரே வகுப்பு. எங்களோடு இன்னும் இரண்டு பேர், ஆழ்வாப்பிள்ளையும் ஏரம்புவும். பாட்டன் பெயரைத் தூக்கிப் பிள்ளையின் தலையில் வைக்கிற வருத்தம் அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கடுமையாக இருந்தது. இரண்டு பேரும் ஐந்து வயதிலேயே கிழவர்களாகப் பள்ளிக்கூடம் வந்தவர்கள். இப்போதுதான் பெயருக்கு ஏற்ற வயது வந்திருக்கிறது.

அருளுக்கு ஊருக்கு வந்த இந்த இரண்டு வருஷமும் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அவனோடு ஒரு மேசையைச் சுற்றி இருந்து, நடுவில் ஒரு பீங்கானை வைத்து, எல்லோரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிட வேண்டும். கேட்கிறவர்களுக்கு இது ஒரு ஆசையாகவே தெரியாது. ஆனால் ஆழ்வாப்பிள்ளை அருளின் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. அருள் இனி ஊரில் நிற்கிற நாளும் அதிகமில்லை. மனைவி உதயகலா, மகள் ஆரணியின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டாள். இவனுக்கும் எழுதிப் போட்டிருந்தார்கள். விசாக் கடதாசி வந்தால் போக வேண்டும்.

அவன் ஜப்பானில் வேலை செய்தது ஒசாக்காவில், ரயில் பாலத்துக்குக் கீழே இருந்த ஒரு கடையில். அந்த மாதிரிக் கடையை இசகாயா என்பார்களாம். வேலை விட்ட சனம் நாலைந்து பேராக வந்து இருக்கும். ஆளுக்கொரு சாப்பாடு கிடையாது. சின்னச் சின்னப் பீங்கானில் வாட்டின கோழி, சுருட்டின முட்டைப் பொரியல், அவித்த பயறு என்று ஒவ்வொன்றாக வரும், எல்லாம் எல்லோருக்கும். குடிக்கிறதுக்கும் ஒரு முறை உண்டு. தன்னுடைய கிளாஸைத் தான் நிரப்பக்கூடாது. பக்கத்தில் இருப்பவன் பார்த்து ஊற்ற வேண்டும். இப்படி இரண்டு மூன்று மணித்தியாலம் கதைத்துக்கொண்டு இருப்பார்களாம்.

அருள் முதல் நாலு வருஷம் பின்பக்கம் நின்று பீங்கான் கழுவினான். பிறகு கரியடுப்புக்கு முன்னால் விட்டார்கள். பத்தொன்பது வருஷம் கோழியைக் குச்சியில் குத்தி வாட்டினான். விசா விஷயம் எப்படிச் சரிவந்தது என்பதை அவன் முழுதாகச் சொன்னதில்லை, நானும் துருவவில்லை. ஆனால் ஒன்றைச் சொன்னான். அத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அவன் அந்த மேசையில் இருந்ததில்லை. முதலாளி நல்ல மனிதர், லீவு நாளில் வந்து இருந்து சாப்பிடச் சொல்லித்தான் இருக்கிறார்.

“ஆரோடை மச்சான் இருக்கிறது?” என்று என்னிடம் கேட்டான்.

முதலாளி செத்து மகன் கடையைப் பூட்டினபோது, பிடித்ததை எடுத்துக்கொண்டு போ என்றானாம். அருள் பீங்கான்களை எடுத்தான். நாங்கள் டி.வி.யை எடுத்திருப்போம்.

ஆழ்வாப்பிள்ளையின் கோபத்துக்கு வருவோம். அவன் நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன். பிரிப்பது அவனுக்கு உத்தியோகம் மட்டுமில்லை, சுபாவம். எங்கள் பக்கம் தீபாவளிக்கோ, இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையோ பத்து வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கி அடித்துப் பங்கு போடுவோம். இறைச்சி, எலும்பு, ஈரல், குடல் எல்லாம் எல்லாப் பங்கிலும் சரிசமமாக விழவேண்டும். தராசு தேவையில்லை, ஆழ்வாப்பிள்ளை போதும். பிரிக்கிறவன் கடைசிப் பங்கைத்தான் எடுக்க வேண்டும் என்பது முறை. அவன் பிரித்தால் முதல் பங்குக்கும் கடைசிப் பங்குக்கும் ஒரு நகக்கண் வித்தியாசம் இராது. சகோதரங்கள் வேலிக்கு வழக்குப் போடுகிற ஊரில், அவன் பிரித்த இறைச்சிக்கு ஒருவரும் வாய் திறந்ததில்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு தீபாவளிக்கும் அப்படித்தான் பங்கு போட்டான். அருளுக்கு ஈரல் என்றால் உயிர். ஆழ்வாப்பிள்ளை தன் பங்கில் விழுந்த ஈரலையும் எடுத்து அவன் பங்கில் வைத்தான். வாழ்க்கையில் அவன் செய்த ஒரே ஒரு பிழைப் பிரிப்பு அதுதான். அருள் வரவில்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டுப் பங்கைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான். அருளின் தாய், மகன் பல்லுக் காட்டக் கொழும்புக்குப் போய்விட்டான் என்றாள்.

அந்த நாளில் கொழும்புக்குப் போவதென்றால் ஆமியிடம் பாஸ் எடுத்து, காங்கேசன்துறையில் கப்பல் ஏறி, திருகோணமலையில் இறங்கிப் போக வேண்டும். ஒரு பல்லுக்காக அவ்வளவும் செய்கிறவன் இருப்பானா என்று வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள். ஆழ்வாப்பிள்ளை யோசிக்கவில்லை. சிநேகிதன் வீட்டில் பொய் சொல்வார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. மழைக்காலம், வெயில் இல்லை. அந்தப் பங்குக்கு உப்பும் மஞ்சளும் போட்டு அடுப்புக்கு மேலே கட்டி வத்தலாக்கி வைத்தான், பல்லுச் சுகமாகி வந்தவுடன் கொடுக்க. மூன்று கிழமை கழித்து, சங்கக்கடை வரிசையில் நிற்கும்போதுதான் யாரோ சொன்னார்கள், அருள் ஜப்பானில் நிற்கிறானாமே என்று.

அருள் செய்தது ஊர் வழக்கம்தான். வெளிநாடு போகிறவன் போய்ச் சேரும்வரை ஒருவருக்கும் மூச்சு விடமாட்டான். சொன்னால் கண்ணூறு, ஏஜென்ற் பிடிபட்டால் கொடுத்த நகைநட்டும் போச்சு, மானமும் போச்சு. என்னிடமும் சொல்லவில்லை, ஏரம்புவிடமும் சொல்லவில்லை. எங்களுக்கும் எரிச்சல்தான், ஆனால் ஒரு வருஷத்தில் ஆறிவிட்டது. ஆழ்வாப்பிள்ளைக்கு ஆறவில்லை. இடையில் அருள் மூன்று தரம் லீவில் வந்து போனான். மூன்று தரமும் ஆழ்வாப்பிள்ளைக்கு வன்னியில் அவசரமாக அளக்கக் காணி இருந்தது.

“மூண்டு கிழமை நான் அவன்ரை பல்லுக்குக் கவலைப்பட்டனான்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னான்.

இப்போது அருள், வாகனம் இல்லாத தன் கராஜைக் கூட்டித் துடைத்து, நடுவில் ஒரு பலகை மேசையும் சுற்றி இருக்க நாலு வாங்கும் போட்டான். மூலையில் சிரட்டைக்கரி அடுப்பு. குச்சிக்குப் பதிலாகத் தென்னை ஈர்க்கு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வரச் சொன்னான். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மரக்கறி, சனிக்கிழமை ஏரம்பு சனீஸ்வரனுக்கு எள் எரிக்கிற ஆள், ஆகவே ஞாயிறுதான் ஒருவருக்கும் விரதமில்லாத நாள். மதில் உயரம் என்பதால் குடிப்பது வெளியே தெரியாது. இதுவும் எங்களுக்கு முக்கியம்.

முதல் ஞாயிறு நானும் ஏரம்புவும் மட்டும் போனோம். போகும்போது வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனோம். ஒரு வீட்டுக்குப் பசியோடு போவது எங்கள் பக்கம் மரியாதையில்லை. ஏரம்பு வயரிங் வேலை செய்கிறவன். முப்பது வருஷமாகப் பாரில் நின்ற நிலையில், வாசலைப் பார்த்துக்கொண்டு குடித்துப் பழகினவன். தன் கால் போத்திலை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அருள் முதலாவது கோழிக் குச்சியைத் திருப்பிப் போடுவதற்குள் கிளாஸில் ஊற்றி, அண்ணாந்து ஒரே இழுவையில் குடித்து, அப்ப நான் வாறன் என்று சைக்கிளை எடுத்துவிட்டான். மொத்தம் ஏழு நிமிஷம். நான் இருந்தேன், ஆனால் வயிற்றில் இடமில்லை. அருள் பன்னிரண்டு குச்சியையும் என் முன்னால் அடுக்கிவிட்டு, அடுப்படியில் நின்றபடி நான் சாப்பிடுவேனா என்று பார்த்தான். மூன்று குச்சி மிச்சம் விட்டேன். இரவு முழுக்க நெஞ்செரிவு.

ஆழ்வாப்பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று அருளுக்குத் தெரியவில்லை. போன் எடுத்தால் அவன் எடுக்கமாட்டான். கடைசியில் அதைச் செய்தது யோசப்பின். குருநகரிலிருந்து ஐஸ் போட்ட ரெஜிபோம் மீன்பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கைகளில் மீன் விற்கிற பெண். மீனைவிட வாயால் அதிகம் விற்பாள். ஆழ்வாப்பிள்ளை வீட்டுக் கேற்றில் நின்று, ஜப்பான் அண்ணை வீட்டில் பெரிய கணவாய் ஒன்று வாங்கிக் கிடக்கிறது, சரியாகப் பிரிக்கத் தெரிந்த ஒரு ஆளும் இந்த ஊரில் இல்லையாம் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவனிடம் எதுவும் விற்கவில்லை. விற்க வரவுமில்லை.

இரண்டாம் ஞாயிறு ஆழ்வாப்பிள்ளை வந்தான். கையில் சொந்தக் கத்தி, சொந்தப் பலகை, ஒரு சாப்பாட்டுப் பெட்டி. அருளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வெளியிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி இருந்தது. அருள் முதலாவது பீங்கானைக் கொண்டுவந்து நடுவில் வைத்ததும், ஆழ்வாப்பிள்ளை அதைத் தன் பக்கம் இழுத்து நாலு பங்காகப் பிரித்தான். சுருட்டின முட்டைப் பொரியலை ஒரு கண்ணை மூடி அளவு பார்த்து வெட்டினான். ஈர்க்கிலிருந்த கோழியை உருவிக் கொழுப்பு, சதை, தோல் என்று வகைப்படுத்தினான். அவித்த கச்சான் கடலையைக்கூட எண்ணினான். முப்பத்தொன்று, ஆளுக்கு ஏழு, மிச்சம் மூன்றையும் இரட்டைப் பருப்பு உள்ளதா என்று குலுக்கிப் பார்த்து ஒதுக்கி வைத்தான். நடுவில் வைத்து எல்லோரும் எடுக்கிறதுதான் முறை என்று அருள் மெல்லச் சொன்னான். அப்படி எடுத்தால் யாருக்கு எவ்வளவு போனது என்று எப்படித் தெரியும், கடித்த கையால் திரும்பத் தொட்டால் எச்சில் இல்லையா என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டான். ஜப்பானில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லைப் போலிருக்கிறது. அருள் அடுத்த பீங்கானை எடுக்க அடுப்படிக்குப் போனான்.

ஊற்றுகிற முறையை அன்றைக்குத்தான் சொல்லித் தந்தான். தன் கிளாஸைத் தான் தொடக்கூடாது என்றதும் ஏரம்புவுக்கு முகம் வாடிவிட்டது. பக்கத்தில் இருந்தவன் நான். எனக்கு மறந்துபோய்விட்டது. அரைமணித்தியாலம் வெறுங்கிளாஸைப் பார்த்துக்கொண்டு இருந்தான், பாவம். அவன் வாழ்க்கையிலேயே ஒரு வாங்கில் அவ்வளவு நேரம் இருந்தது அன்றைக்குத்தான். ஆழ்வாப்பிள்ளை தன் பங்கைப் பெட்டிக்குள் போட்டு மூடி, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். அதை அவர்கள் வீட்டு நாய் சாப்பிட்டதாக ஏரம்பு எனக்குச் சொன்னான். அருளுக்கு நான் சொல்லவில்லை.

மூன்றாம் ஞாயிறும் வந்தான், பெட்டியோடு. நாலாம் ஞாயிறு நல்லூர்க் கோவில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. ஊரில் மீனும் இல்லை இறைச்சியும் இல்லை. அருள் கத்தரிக்காயைக் கரியில் வாட்டித் தோலை உரித்து வைத்தான். ஆழ்வாப்பிள்ளை அதை நாலாக்கினான். வாட்டின கத்தரிக்காய் பிரிக்கிற சாமான் இல்லை. பெட்டிக்குள் போட்டால் களியாகிவிடும். கொஞ்ச நேரம் பெட்டியையும் கத்தரிக்காயையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் பங்கை அங்கேயே சாப்பிட்டான். நான் கோவில் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அடுப்படியில் நின்ற அருள் திரும்பி நின்று கரியை விசிறினான், விசிறத் தேவையில்லாத கரியை.

அதற்குப் பிறகு ஆழ்வாப்பிள்ளை பெட்டி கொண்டுவரவில்லை. ஆனால் பிரிப்பது நிற்கவில்லை. தன் பங்கைப் போட்டுச் சாப்பிட வீட்டிலிருந்து ஒரு சோற்றுக் கோப்பையும் கொண்டுவந்தான். அதை ஒருவரும் தொடக்கூடாது. வீட்டிலும் அவன் அப்படித்தான், அவன் கோப்பையை மனைவிகூடக் கழுவுவதற்குத்தான் தொடுவாள். நெல்லிரசம்தான் குடிப்பான். ஏரம்பு அவனுக்கு ஊற்ற, அவன் எனக்கு ஊற்ற, நான் ஏரம்புவுக்கு ஊற்ற, இதில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. வந்த பிறகுதான் தெரிந்தது, அருளுக்கு ஊற்ற ஆளில்லை. ஏனென்றால் அவன் இருப்பதில்லை. ஒரு பீங்கான் வெறுமையானால் எழும்பி எடுப்பான், கழுவுவான், அடுப்பைப் பார்ப்பான். தன் மேசைக்குத் தானே வேலைக்காரனாகிவிட்டான். ஆசை யாருடையதோ அவன் நின்றான். நாங்கள் மூன்று பேரும் ஜப்பான்காரர் மாதிரிக் கதைத்துக்கொண்டு இருந்தோம். எனக்கு அது மனதைக் குடைந்தது. சொன்னது ஆழ்வாப்பிள்ளைதான். என்னைப் பார்த்து, நிற்கிறவனோடு எப்படி இருந்து சாப்பிடுவது என்று கேட்டான். இருபத்தைந்து வருஷத்தில் அருளைப் பற்றி அருளுக்குக் கேட்க அவன் சொன்ன முதல் வார்த்தை. அருள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாலாவது வாங்கில் இருந்தான். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்தான். ஏரம்பு அவனுக்கு ஊற்றினான்.

பிறகு வந்த ஞாயிறுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்லாக இருந்தன. கிழமையில் மற்ற ஆறு நாளும் நான் அந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. சர்க்கரை, பிறஷர், பிள்ளைகள், வேலி, அரசியல் எல்லாம் கதைத்தோம். தொண்ணூற்றெட்டை மட்டும் கதைக்கவில்லை. நடுவிலே வைத்த பீங்கானில் ஆழ்வாப்பிள்ளை பிரிப்பதற்குத் தவிர ஒருநாளும் கை வைக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, அருள் கணவாயை வாட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானே வாங்கில் இருந்தான். ஆழ்வாப்பிள்ளை கத்தியை எடுத்தான். அருள் ஒரு நிமிஷம் பொறு என்றான்.

“கடதாசி வந்திட்டுது. வாற மாதம் பதினாலாம் திகதி போறன்.”

அவனே தொடர்ந்தான்.

“நேற்றுத்தான் தெரியும். உதயகலாவுக்கும் இன்னும் சொல்லேல்லை, பிள்ளைக்கும் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்.”

சொல்லும்போது என்னையோ ஏரம்புவையோ பார்க்கவில்லை. ஆழ்வாப்பிள்ளை கணவாயை இழுத்து வெட்டத் தொடங்கினான். வழக்கம்போல ஒரு கண்ணை மூடி, வளையம் வளையமாக, ஆறுதலாக வெட்டினான். வெட்டி ஒரு பங்கை ஏரம்புவுக்கு வைத்தான். ஒரு பங்கை எனக்கு வைத்தான். மிச்சத்தைத் தன் கோப்பையில் போட்டான். பீங்கான் வெறுமையாகிவிட்டது.

“அவனுக்கு?” என்றான் ஏரம்பு.

“போறவனுக்குப் பங்கு வைச்சு நான் ஒருக்கா பட்டது போதும்” என்றான் ஆழ்வாப்பிள்ளை.

சொல்லிவிட்டு ஒரு வளையத்தை எடுத்துப் பாதி கடித்தான். கடித்தானே தவிர விழுங்க முடியவில்லை. மிச்சப் பாதியைக் கோப்பையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தான். இந்த மனிதன் இவ்வளவு காலமும் கோபமாக இருக்கவில்லை, கவலையாக இருந்திருக்கிறான் என்று அப்போதுதான் விளங்கியது. முப்பத்தொரு வருஷம் உறையைப் பார்த்து ஆளை அறிந்தவன் என்று என்னை நான் நினைத்திருந்தேன்.

அருள் கையை நீட்டினான். ஆழ்வாப்பிள்ளையின் கோப்பையில், முழு வளையங்களைத் தள்ளிவிட்டு, அவன் கடித்து வைத்த பாதியை எடுத்து வாயில் போட்டான். எங்கள் பக்கத்தில் ஒருவன் கடித்ததை இன்னொருவன் தின்பதென்றால், அது பிள்ளை மிச்சம் விட்டதைத் தாய் தின்பதாகத்தான் இருக்கும். ஏரம்பு கிளாஸைத் தூக்கினபடி அப்படியே இருந்தான்.

“அது நான் கடிச்சது” என்றான் ஆழ்வாப்பிள்ளை.

“தெரியும்.”

அருள் மென்றான். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. ஆழ்வாப்பிள்ளை தன் கோப்பையை ஒரு சாண் தூரம் முன்னுக்குத் தள்ளி, இரண்டு பேருக்கும் நடுவில் விட்டான். அதிலிருந்து தானும் ஒரு வளையத்தை எடுத்தான். அவன் கையும் அருளின் கையும் கோப்பைக்குள் முட்டின, இரண்டு பேரும் எடுக்கவில்லை, பிறகு இரண்டு பேரும் எடுத்தார்கள்.

“பதினாலாம் திகதி எத்தினை மணிக்கு றெயின்?” என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டான்.

“விடிய ஆறு மணி மட்டிலை.”

“ஸ்டேசனுக்கு வாறன்.”

நானும் ஏரம்புவும் எங்கள் பங்குகளை எடுத்து அந்தக் கோப்பையிலேயே கொட்டினோம். கணவாய் கொஞ்சம் கூடுதலாக வெந்து ரப்பர் மாதிரித்தான் இருந்தது. நாலு பேரும் சாப்பிட்டு முடிக்க வெகு நேரம் எடுத்தது.